லம்யாயின் பழைய பேர்

தாய்லாந்தின் லம்பூன் ஊர் நாய்க் காப்பகத்திலிருந்து அந்தச் செவலை நாயை நானும் என் கணவர் நிருத்தும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். காப்பகத்து அக்கா எதையும் மறைக்கவில்லை.

"வளர்த்தவன் குடிச்சுட்டு வந்து இதையும் பொண்டாட்டியையும் போட்டு அடிப்பானாம். அவ முதல்ல போய்ச் சேர்ந்தா, அப்புறம் அவனும் செத்தான். இதோட பழைய பேரைச் சொல்லக்கூட ஆள் இல்ல."

நாங்கள் லம்யாய் என்று பெயர் வைத்தோம். நிருத் பரம சாது. ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டி உருட்டி ஊட்டிவிடுவார். நாயும் அவர் காலடியிலேயே கிடந்தது.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் நுழைந்தார்.

"தோங், இங்க வா."

நாய் வயிற்றால் தவழ்ந்து வந்து தரையிலேயே மூத்திரம் பெய்தது.

"யாருங்க தோங்?" என்று கேட்டேன்.

"லம்யாய்னுதானே கூப்பிட்டேன்? உனக்குக் காது அடைச்சுப் போச்சா?" என்று சிரித்தார்.

நிருத் பெல்ட் கட்டுகிறவர் இல்லை. சிரித்தபடியே இடுப்பிலிருந்து ஒரு பெல்ட்டை உருவி, மெதுவாகக் கையில் சுற்றிக்கொண்டார்.

நாய் எழுந்தது. வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. அது அந்தப் பக்கம் போகவில்லை. உடம்பெல்லாம் நடுங்க என்னிடம் வந்து, எனக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டது.