சிலேட்டுக் கையெழுத்து

அறுவைச் சிகிச்சை பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் இளம்பரிதி கையுறையோடு வெளியே ஓடிவந்தார்.

"டீச்சர், நீங்க தபால்ல படிச்ச யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரத்த ரத்து பண்ணிட்டாங்க. உங்ககிட்ட படிச்சவங்க பட்டமும் செல்லாதாம். ஆபரேஷன் மெஷின் இனிமே என் கைய ஏத்துக்க மாட்டேங்குது."

உள்ளே மேசையில் கிடப்பவர் மரியசெல்வி டீச்சரின் கணவர்.

"உனக்கு ஒண்ணாங்கிளாஸ்தானப்பா எடுத்தேன்? ஒண்ணுமே சொல்லித்தரலன்னு எழுதித் தரேன்."

கதவருகே இருந்த மெஷினின் திரையில் டீச்சர் விரலால் எழுதினார்: 'இவருக்கு நான் ஓர் எழுத்தும் கற்பிக்கவில்லை.'

கீழே டாக்டரும் எழுதினார்: 'உண்மை. இவர் எனக்குக் கற்பிக்கவில்லை.'

திரை இரண்டு வரிகளையும் ஒப்பிட்டது.

'நிராகரிக்கப்பட்டது. இவருடையது உங்களிடம் பழகிய கையெழுத்து.'

ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் இளம்பரிதியின் விரலைப் பிடித்து எழுதவைத்த தன் கையை டீச்சர் வெறித்துப் பார்த்தார்.

உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினாள். "டாக்டர், ரத்தம் நிக்கல!"