தூங்கிய மரபணு

முள் குத்திய பாதம் வழியாக உள்ளே நுழைந்த கிருமியை ஒரு வெள்ளையணு ஒரே வாயில் விழுங்கியது. வழக்கமாக, விழுங்கிய கிருமி உடனே பொசுங்கிவிடும். இதுவோ வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் வைத்து, ஒன்று பலவாகப் பெருக ஆரம்பித்தது.

வெள்ளையணுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்குள் இருந்த மரபணுவைப் பார்த்துக் கத்தியது.

"நஞ்சு காய்ச்சுவதுதானே உன் வேலை? திருடன் உள்ளே புகுந்திருக்கிறான், நீ படுத்துக் கிடக்கிறாயே!"

"நீங்கள்தானே படுக்கச் சொன்னீர்கள்?" என்று மரபணு கொட்டாவி விட்டது. "'ஒன்றும் ஆகவில்லை, தூங்கு' என்று உங்கள் குரல் இப்போதுகூடச் சொல்கிறதே."

வெள்ளையணு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. வயிற்றிலிருந்து கிருமிதான் அதன் குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் வாயாலேயே உத்தரவு போடுகிறாயா?"

"நன்றாகக் கத்து," என்று சிரித்தது கிருமி. "இங்கே இனி எவனும் உன் பேச்சைக் கேட்கமாட்டான்."

"இங்கே கேட்கமாட்டான்தான்," என்ற வெள்ளையணு, மூச்சைத் தம் பிடித்துத் தன்னையே கிழித்துக்கொண்டு வெடித்தது.

அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்து வெள்ளையணுக்களின் மரபணுக்கள் எல்லாம் திடுக்கிட்டு விழித்து, நஞ்சு காய்ச்சத் தொடங்கின. வெளியே சிதறி விழுந்த கிருமிகள் "தூங்குங்கள், தூங்குங்கள்" என்று கெஞ்சின. அவ்வளவு கோபத்துக்கு நடுவே அது யார் காதிலும் விழவில்லை.