தூளிக்கு அடியில் விரியன்

"அண்ணே, கவைக்கோல எடுத்துக்கினு ஏறு! எம் புள்ள தூளிக்கு அடியில விரியன் படுத்துங்கெடக்குது!"

வாடகை சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினான் அந்த ஆள். சட்டை இல்லை, செருப்பும் இல்லை. ஒல்லி உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

கோவிந்தசாமிக்குக் கேட்டது நிஜம்தானா என்று இருந்தது. பாம்பு பிடித்துப் பிழைக்கலாம் என்று பனமலைப் பக்கமிருந்து செஞ்சிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இதுவரை கிடைத்த வேலை இரண்டு சாரை, ஒரு தண்ணீர்ப் பாம்பு. அந்தத் தண்ணீர்ப் பாம்பையும் வீட்டுக்காரம்மா விளக்குமாற்றாலேயே தள்ளியிருப்பாள், பாவம், இவன் மேல் இரக்கப்பட்டுக் கூப்பிட்டாள்.

விஷப் பாம்பு என்றால் செஞ்சிக்காரர்கள் ஓடுவது ஒரே ஆளிடம்தான். பாவாடை! அவரைக் கோவிந்தசாமி பார்த்ததில்லை. டீக்கடையில் கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது. ஆறடி ஆளாம், முறுக்கு மீசையாம். அவர் செருமினாலே நல்ல பாம்பு படத்தைச் சுருக்கிக்கொள்ளுமாம்.

கோலையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு கேரியரில் தொற்றினான்.

"ஏம்பா, உங்க ஊரு பாவாடை இன்னா ஆனாரு?"

"அவரால ஆவாது."

"இன்னாது! பாவாடையால ஆவாதா?"

"ஆவாதுண்ணே! கெட்டியா புடிச்சிக்கோ."

கோவிந்தசாமிக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. அடேயப்பா, பாவாடை கைவிட்ட விரியன்! இதைப் பிடித்துவிட்டால் நாளைக்கே டீக்கடையில் வேறு பேர் அடிபடும். சைக்கிள் செட்டிகுளத்துக் கரையோரம் பறந்தது. வழியில் யாரோ கூப்பிட்டதற்குக்கூட அந்த ஆள் திரும்பவில்லை.

"விரியன்னு எப்டி சொல்ற? பயத்துல பாத்தா சாரையும் விரியனாத்தான் தெரியும்."

"கண்ணாடி விரியன்தாண்ணே. முதுவுல மூணு வரிசை சங்கிலி. ரெண்டரை மொழம் இருக்கும்."

செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையடியில் தனியாக நின்ற கூரை வீடு அது. உள்ளே நுழைந்த கோவிந்தசாமியின் குஷி வாசலோடு நின்றுவிட்டது.

தூளியின் அடி தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். துணி விலகி, ஆறு மாதக் குழந்தையின் ஒரு கால் வெளியே தொங்கியது. அதற்கு நேர் கீழே கண்ணாடி விரியன் சும்மாடு போல் சுருண்டு, கொல்லன் துருத்தி மாதிரி சீறிக்கொண்டிருந்தது. குழந்தையின் அம்மா தூளிக் கயிற்றைப் பிடித்தபடி சிலையாக நின்றாள். தூக்கினால் பாம்பு மிரளும், விட்டால் தூளி ஆடும்.

"ராஜாம்பா, அசையாத. ஆளு வந்துட்டாரு," என்றான் அந்த ஆள் வாசலிலிருந்து. அவன் உள்ளே கால் வைக்கவில்லை.

கோவிந்தசாமி தன் வாழ்நாளில் நாலு விரியன் பிடித்திருக்கிறான். நாலும் வைக்கோல் போரிலும் வேலியிலும். குழந்தைக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. குறி தப்பினால் ஒரு உயிர் போகும். மெல்லக் குனிந்து வால் பக்கம் கையை நீட்டினான்.

"அண்ணே, வாலத் தொடாத! தலை மேல போவும். நடு ஒடம்புக்குக் கீழ கோல விடு."

பாம்பு பிடிப்பவனுக்கு வாசலில் நின்று பாடம் நடத்தாத வீட்டுக்காரன் உலகத்தில் கிடையாது. கோவிந்தசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டு கோலை நீட்டினான்.

கோல் நுனி தரையோடு ஊர்ந்தது. நாலு விரற்கடை. இரண்டு விரற்கடை.

சட்டென்று சீறல் நின்றது. அடுத்தது கொத்துதான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை தூக்கத்தில் காலை உதறியது. பாம்பின் தலை மேலே திரும்பியது.

"இப்போ!" என்று அலறினான் அந்த ஆள்.

கோவிந்தசாமி கோலை ஒரே சுண்டாகச் சுண்டினான். விரியன் எகிறிப்போய்ச் சுவரோரம் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே திரும்பிக் கோலை ஒரு போடு போட்டது. அதற்குள் கவை அதன் கழுத்தில் இறங்கிவிட்டது. பிடரியைப் பிடித்தான், தூக்கினான், சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டினான். ராஜாம்பாள் குழந்தையை வாரி எடுத்து ஓவென்று அழுதாள். தூக்கம் கலைந்த குழந்தையும் சேர்ந்து அழுதது. இத்தனை இனிமையான அழுகையைக் கோவிந்தசாமி கேட்டதே இல்லை.

வெளியே வந்து நெற்றி வேர்வையை வழித்துப் போட்டான். இப்போதுதான் குஷி திரும்ப வந்தது. சாக்கைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

"பாத்தியாப்பா! எனக்கு ஒண்ணும் வாணாம், ஒரே ஒரு ஒத்தாசை பண்ணு. நேரா போயி அந்த பாவாடைகிட்ட சொல்லு. உன்னால ஆவாதுன்ன விரியன, பனமலை கோவிந்தசாமி புடிச்சான்னு சொல்லு!"

அந்த ஆள் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டான். வலது கையை விரித்துக் காட்டினான்.

"போயி சொல்லத் தேவையில்லண்ணே, பாவாடை கேட்டுக்கினுதான் நிக்கிறான். ஊரார் வூட்ல நூறு விரியன் புடிச்ச கைதான் இது. எம் புள்ள காலாண்ட பாத்ததும் கோலத் தூக்க முடியல."