எண்ணூர் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை

கல்மண்டபம் ஸ்டாப்பில் ஞானம் மீன் கூடையைப் பின்படியில் ஏற்றினாள். கண்டக்டர் கஸ்பார் அதை இறக்கினான்.

அவள் மறுபடி ஏற்றினாள். அவன் மறுபடி இறக்கினான்.

1968. காலை ஏழரை மணி எண்ணூர் பஸ். உள்ளே நின்றவர்களில் பாதிப்பேர் ஃபாக்டரி ஷிப்டுக்குப் போகிறவர்கள். சண்டை எப்போது முடியும் என்ற கவலையும், முடிந்துவிடப் போகிறதே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தன.

இது நாலாவது நாள். முந்தைய மூன்று நாளும் கஸ்பார் அவளை ஏற்றவில்லை. மூன்று நாளும் அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் தேரடி வரை நடந்தாள். போய்ச் சேர்வதற்குள் மீனின் கண் வெளுத்துவிடும். வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள்.

"இந்தாம்மா, மீன் கூடை ஏத்தக்கூடாது. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கிகீறேன். இன்னொண்ணு வந்துச்சுனா வேலை பூடும்."

"ஒன் வேலை நிக்கணும்னு என் மீனு நாறணுமா?"

ஞானம் விறுவிறுவென்று ஏறி உள்ளே நின்றுகொண்டாள். கஸ்பார் கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டோரச் சுவரை நோக்கி நடந்தான். மீன் தண்ணீர் அவன் காக்கிக் கால்சட்டையில் வழிந்தது.

அவன் பத்தடி போயிருப்பான்.

ஞானம் இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தாள்.

டிரைவர் சௌக்கத் அலிக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. இருபது வருஷமாக அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

கஸ்பார் ஓடி வந்தான். கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பான். போடவில்லை. மீன் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சர்க்கார் ஊழியர் ஓடிவருவதைப் பின்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட டிரைவருக்குக் குரல் கொடுக்கவில்லை. படியில் தொங்கியதற்கும் வெற்றிலை துப்பியதற்கும் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்தப் பஸ்ஸில் குறைவு.

ஒரு ஸ்டாப் ஓடி வரட்டும், புத்தி வரும் என்றுதான் ஞானம் நினைத்தாள். ஆனால் அடுத்த ஸ்டாப்பில் ஃபிட்டர் அமீர், "இன்னும் ஒரே ஒரு ஸ்டாப், அக்கா!" என்று கெஞ்சினான். அடித்தாள். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் அடித்தாள். இறங்கியவர்கள் டிக்கெட் இல்லாமல் இறங்கி, அவளுக்கு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள். வண்டி அன்றைக்குச் சரியான நேரத்துக்கு ஓடியது.

டோல்கேட்டில் செக்கர் ஏறினார்.

"கண்டக்டர் எங்கே?"

சிரிப்பு பட்டென்று நின்றது. பாதிப்பேரிடம் டிக்கெட் இல்லை. செக்கர் இறங்கிப் போய் டிரைவரைக் கூட்டி வந்தார். சௌக்கத் அலி பின்படியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "யா அல்லா" என்றார்.

செக்கர் நோட்டை எடுத்தார்.

"வண்டியை விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டானா? இன்னிக்கே சஸ்பெண்ட்."

ஞானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரு எங்கியும் போல சார். என் கூடைய எறக்கி வெக்கத்தான் போனாரு. விசில் அடிச்சது நானு. எளுதறதுனா என் பேர எளுது."

"பொம்பளை விசில் அடிச்சு பஸ் போச்சுன்னு எழுதினா என்னைத்தான் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. கண்டக்டர் பேர் என்ன? சட்டையில குத்தியிருக்கற பித்தளைப் பில்லை நம்பர் என்ன?"

பஸ் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆறு மாதமாக அவனோடு போய் வருகிறார்கள். கண்டக்டர் என்பதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சௌக்கத் அலியும் வேறு டிப்போவிலிருந்து திங்கட்கிழமைதான் வந்தவர்.

"கஸ்பார்," என்றாள் ஞானம். "எளுநூத்திப் பதினாலு."

செக்கரின் பேனா நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

அந்த நேரம் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. உள்ளே கஸ்பார். மடியில் கூடை. வெயில் படாமல் மீன்மேல் நனைத்த கோணி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போர்த்தியிருந்தான்.

"யாருய்யா இந்தம்மா?" என்றார் செக்கர்.

கஸ்பார் அவளைப் பார்க்காமல் சொன்னான்: "தெரியாது சார். தெனம் வந்து தகராறு பண்ற மீன்காரி."

செக்கர் ஞானத்திடம் திரும்பினார். "அவனுக்கு உன்னைத் தெரியாதாம். உனக்கு மட்டும் எப்படிம்மா அவன் நம்பர் தெரியும்?"

ஞானம் கஸ்பாரை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தெனம் காலீல அந்தப் பில்லைய புளி போட்டு வெளக்கறது வேற யாரு?"

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் அமீர்தான் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு பஸ்ஸே குலுங்கியது.

செக்கர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் போட்டார். கஸ்பாரின் தோளைப் பிடித்துத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"ரிப்போர்ட் எழுதலைய்யா," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா இன்னிக்கு டியூட்டி முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயிடாதே."