புல்லுக்கு ஊற்றிய தண்ணீர்

வாசலில் பெலிக்ஸ் வைத்தது அழகுப்புல். வேலை பார்க்கும் செராமிக் பட்டறையில் அவனே வார்த்துச் சுட்ட தொட்டியில் அது நின்றது. மனைவி ஜெனிபர் பக்கத்து மண்ணில் ஊன்றியது அவரை விதை. எது தேறும் என்று மூன்று மாதமாக வீட்டில் வழக்கு.

அன்று வேலை முடிந்து வந்தவன் கேட்டருகே நின்றுவிட்டான். பூவும் பிஞ்சுமாக இருந்த அவரைக்கொடி சுருண்டு கிடந்தது.

"என்ன ஜெனி, இப்புடிக் காஞ்சி போச்சு?"

"நாலு நாளா கொழாயில தண்ணி வரலீங்க. குடிக்கிறதுக்கே திண்டாட்டமா இருக்குது. தெனமும் அரிசி களைஞ்ச தண்ணி ஒரு சொம்புதான் மிஞ்சுது. அதை ஒங்க புல்லுக்கு ஊத்திட்டேன்."

"அவரைக்கு ஊத்தியிருக்கலாம்ல?"

"நீங்க ஆசையா செஞ்ச தொட்டியாச்சே! தொடாதன்னு சொன்னீங்கன்னு தொடாமதான் ஊத்துனேன். இந்த வெயிலுக்கும் நுனிகூடக் கருகல பாருங்க. நான்தான் தோத்துட்டேன். பக்கத்து வூட்டு வாசுகி அக்கா வேரோட ஒரு பிடி கேட்டாங்க. நீங்களே பிரிச்சுக் குடுத்துடுங்க."

அவள் உள்ளே போனதும் பெலிக்ஸ் தொட்டி முன் குந்தினான். அடியில் ஓட்டை போட மறந்து அவன் சுட்ட தொட்டி அது. தண்ணீர் தேங்கி, முதலில் வைத்த புல் பத்தே நாளில் அழுகிப்போனது. தொழில்காரனுக்கு அதை மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை.

கூழாங்கற்களை விலக்கிப் புல்லைத் தூக்கினான். நாலு நாள் தண்ணீரும் அப்படியே அடியில் நின்றது.

பிளாஸ்டிக் புல் எப்படிக் குடிக்கும்?