மாஸ்டரின் துண்டு

துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மாஸ்டர் தன் இரண்டு மணிக்கட்டையும் தானே சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் போலீஸ் பிடித்து உட்கார வைத்த ஆள் மாதிரி இருந்தது.

"கட்டாதீங்க மாஸ்டர். அவுத்துடுங்க" என்றாள் ரப்பர்.

ரப்பர் என்பது பட்டப்பெயர். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்க வந்தபோது, எப்படி வளைத்தாலும் வளைகிறாளே என்று மாஸ்டர்தான் வைத்தார். இப்போது வயது இருபத்தேழு. வலது முட்டியில் இரண்டு ஆபரேஷன், குதிகாலில் ஒன்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடிக்கிற ரப்பர்.

"என்னம்மா புதுசா? எப்பவும் நீதானே ஓடிவந்து இழுத்துக் கட்டுவே? இன்னிக்கு உன்னைக் காணோமேன்னு நானே கட்டறேன்."

"சின்னப் பொண்ணா இருந்தப்போ கட்டினேன். இன்னிக்கு என்னமோ பயமா இருக்கு. சும்மா கிட்ட நில்லுங்க, போதும்."

அந்தத் துண்டுக்கு ஒரு கதை உண்டு. கம்பியைப் பிடித்துச் சுழல்கிற போட்டியில் மாஸ்டர் பக்கத்தில் நிற்கலாம். ஆனால் அவர் விரல் பட்டால் ஒரு மார்க் போச்சு. ரப்பருக்குப் பன்னிரண்டு வயதில், கம்பியிலிருந்து குதித்தவள் லேசாகத் தள்ளாட, மாஸ்டர் பதறிப்போய்த் தோளைப் பிடித்துவிட்டார். தங்கப் பதக்கம் கைநழுவியது.

அன்றிலிருந்து போட்டி என்றால் அவளே துண்டோடு வந்து நிற்பாள். "இது உங்க கை இல்ல மாஸ்டர், எங்க அம்மா கை. நான் தள்ளாடினா தானா நீளுது" என்று சிரித்துக்கொண்டே முடிச்சுப் போடுவாள்.

மாஸ்டர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பில்லை. நான்கு வருடமாக ஆஸ்பத்திரி வராந்தா, ஐஸ் பை, ஸ்கேன் படம் என்று அலைந்து ஓய்ந்துபோயிருந்தார்.

"அந்தப் பொண்ணு முட்டியில எத்தனை தையல்னு கேட்டா டக்குனு சொல்றீங்க. எனக்குப் பத்து நாளா கால் வலி. எந்தக் கால்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று அவர் மனைவி கேட்டாள் ஒருநாள். மாஸ்டர் நன்றாக யோசித்து இடது கால் என்றார். வலது கால்.

"போதும்மா, விட்டுடலாம்." இந்த இரண்டு வார்த்தையை பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். ரப்பரின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு ஐஸ் பையை எடுத்து நீட்டுவார்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. கடைசி ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒரே வருஷம், மறுபடி உன்னைக் கம்பியில ஏத்திடறேன் பாரு" என்று சொல்லித் தொலைத்தார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இவ்வளவு ஆசைப்படுகிற பிள்ளையிடம் அப்புறம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

இன்று உலகப் போட்டிக்கான தேர்வு. ஆறு பேருக்கு இடம். தேர்வானால் இரண்டு வருட முகாம். ரப்பர் ஆறாவதாக இருந்தாள். அரை மார்க் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஏழாவதாக நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பியில் ரப்பர் மட்டும்தான் பாக்கி; பிசகாமல் ஆடினால் அந்த இடம் நிற்கும்.

ரப்பர் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு ஏறினாள். கம்பி கிறீச்சிட்டது. மாஸ்டர் மெத்தை ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடேயப்பா, என்ன ஆட்டம்! வலி என்று ஒன்று இருப்பதே தெரியாதவள் போலச் சுழன்றாள். கையை விட்டு, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆணி அடித்தாற்போல் இரண்டு காலையும் மெத்தையில் ஊன்றி நின்றாள்.

நின்று, ஒரு மூச்சு விட்டபின், உடம்பு லேசாக அவர் பக்கம் சாய்ந்தது.

மாஸ்டரின் கை அவரைக் கேட்கவில்லை. நீண்டு அவள் தோளைப் பிடித்துவிட்டது.

நடுவர் மேஜையில் ஒரு கை உயர்ந்தது. ஒரு மார்க் போயிற்று; ஆறாவது இடமும் போயிற்று. பள்ளிக்கூடப் பெண் கூச்சல் போட்டுத் துள்ளிக் குதித்தாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி நான். நாலு வருஷ உழைப்பை இந்தப் பாழாப்போன கையாலயே கெடுத்துட்டேனே!"

ரப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் பிரித்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

"விழுந்திருந்தா முட்டி போயிருக்கும் மாஸ்டர். நின்னிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் போயிருக்கும்."

"நீ நின்னுட்டேம்மா! நல்லாத்தான் நின்னே! துண்டை மட்டும் கட்டியிருந்தா நான் உன்னைத் தொட்டே இருக்க மாட்டேன்!"

ரப்பர் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அதனாலதான் மாஸ்டர் அவுக்கச் சொன்னேன்."