விரல் வைத்த இடம்

குழந்தையின் மூச்சு நின்றால் அலற வேண்டிய கருவி. ஜெபசீலி ஒன்பது நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறாள். சோதனைப் பொம்மையின் மூச்சை நிறுத்திவிட்டு, சர்க்யூட்டின் ஒரு புள்ளியில் மீட்டரின் முனையை வைத்தால் அலறுகிறது. எடுத்தால் வாயை மூடிக்கொள்கிறது. மீட்டர் முனைக்கு ஈடாக அந்த இடத்தில் விதவிதமான கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்தும் மசியவில்லை. வெறுத்துப்போய் வெறும் விரலை வைத்தாள். அலறியது.

“நல்லாத்தானேம்மா கத்துது,” என்றார், கருவிப் பெட்டியை மூட மூடியோடு வந்த இஸ்மாயில். “ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது.”

“விரல எடுத்தா கத்தாதுண்ணே.”

“அப்ப விரலையும் சேத்து மூடிரவா?”

அவள் சிரிக்கவில்லை. வெளியே ஹாரன் அடித்தார்கள். இஸ்மாயில் மூடியை அவள் கைமேல் வைத்துப் பார்த்தார். பொம்மை மூச்சில்லாமல் கிடந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.